மூன்றாவது வீட்டு அட்வான்ஸ்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு வாங்கின பணத்தை இன்னொரு வீட்டு வேலையில் போட்டால், பணம் கொடுத்த வீடு அந்த அளவுக்குக் காண்ட்ராக்டர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். எது போயிருக்கிறது என்று காலையில் எழுந்து பார்த்தால்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் பரமகுரு காண்ட்ராக்டர். எஸ்தர் டீச்சர் வீட்டுக் கான்கிரீட் பணத்தில் அரிசிக்கடைக்காரர் வீட்டுப் பூச்சை முடித்தார். மறுநாள் எங்கள் மாடிப்படி இல்லை. டீச்சர் வீட்டில் போய்ப் பார்த்தால், நான் வற்றல் காயப்போட்ட கறையோடு அங்கே நின்றது. அடுத்த சனிக்கிழமை ஆள் சம்பளத்துக்கும் அதே பணத்தில் கை வைத்தார். அடுப்படி போனது. வெளியே மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கினேன். காற்றோட்டமாகத்தான் இருந்தது.

"டீச்சர் நடுவில கேட்டாங்கன்னு போர்டிகோ கட்டிக் குடுத்தீங்களே, அதுக்குக் காசு வாங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"வாய்ப்பேச்சுல சொன்ன வேலைட்டி. முகத்தப் பாத்து எப்படிக் கேக்க?" என்றார்.

கேட்க வெட்கப்பட்டவர், லாரி டிரைவர் சுடலைமணியிடம் புது வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கி, டீச்சர் வீட்டுக் கான்கிரீட்டைப் போட்டுவிட்டார்.

விடிந்தபோது மாடிப்படியும் அடுப்படியும் திரும்பி வந்திருந்தன. எங்கள் மகள் நிதிலா தூங்கிய அறை இல்லை. காப்பி போட்டுக் குடித்துவிட்டுத் தேடிப் போனோம்.

சுடலைமணி மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. நடுவில் எங்கள் அறை நின்றது. கதவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டதால் நாலு பக்கமும் சுவர்தான். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

சுடலைமணி சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "வாங்க மதினி. பிள்ளை அழவே இல்ல. நல்ல குணம்."

"அறையைத் தாங்கண்ணே."

"பணத்தத் தந்துட்டு எடுத்துக்கோங்க. திங்கக்கிழமை மட்டும் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் ஜன்னல் வாஸ்துவுக்கு ஆகாதாம். அடைக்கக் கொத்தனாருக்குச் சொல்லிட்டேன்."

நான் டேப்பை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். போர்டிகோவை அளந்து, கம்பி, சிமெண்டு, கூலி என்று தாளில் எழுதி நீட்டினேன். டீச்சர் பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்தார். என் கணக்குக்குச் சரியாக இருந்தது.

"அன்னைக்கே எடுத்து வச்சது. உங்க வீட்டுக்காரர் கேக்கவே இல்லையேம்மா."

அப்படியே கொண்டுபோய்ச் சுடலைமணி கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் கோடு போட்டேன். இனி வாய்ப்பேச்சு இல்லை. கூடுதலாக எது வந்தாலும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவரும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறை வந்துவிட்டது. சுவர் ஈரமாக இருந்தது. கொக்கியில் இரண்டு தொட்டில்கள் தொங்கின. இரண்டிலும் நிதிலா தூங்கினாள். ஒருத்தியின் உள்ளங்காலில் மட்டும் சுண்ணாம்பு.

இவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். நான் நோட்டை எடுத்து, 'கூடுதல்: பிள்ளை ஒன்று' என்று எழுதினேன். சுடலைமணியிடம் கையெழுத்து வாங்கி வர இவரை அனுப்பிவிட்டு, இன்னொரு டம்ளர் பால் சேர்த்து அடுப்பில் வைத்தேன்.