பச்சை பூசிய இடம்

ஆசிரியர் பயிற்சி முடிந்து வந்த கையோடு, சமூக அறிவியல் டீச்சர் ஏழாம் வகுப்புச் சுவரில் நகர வரைபடத்தை மாட்டினார். கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதினார். இதை வரைந்தது யார்? யாருக்காக? எது விடுபட்டிருக்கிறது?

"பதில் புத்தகத்துல இல்லை. நீங்களேதான் யோசிக்கணும்."

வகுப்பு பேந்தப் பேந்த விழித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வாயே திறக்காததால் மற்றவர்கள் அவளை ஊமைக்கோட்டான் என்பார்கள். ரயில் பாதைக்குப் பின்னால் பச்சை பூசிய இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கதான் டீச்சர் எங்க தெரு. நாப்பது வீடு இருக்கு. இதுல ஒண்ணுகூட இல்லையே?"

"மரத்து மேல குடியிருக்காங்க போல!" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. நகராட்சியில் அந்த வரைபடத்தை வரைந்தவர் அவருடைய கணவர்.

"விசாரிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

சாயங்காலம் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ரயில் பாதைக்குப் பின்னாடி ஏன் பச்சை?"

"பூங்கா."

"அங்க ஏது பூங்கா?"

"இனிமே வரும். திட்டத்துல இருக்கு."

"இல்லாத பூங்கா இருக்கு, இருக்கிற வீடு இல்லையா?"

"கொடுத்ததை வரைஞ்சேன்மா." கத்தியைக் கீழே வைத்தார். "தெருவைப் போட்டா நாலு பேர் கண்ணுல படும். கண்ணுல பட்டா தண்ணி, ரோடு வருமா, இல்ல இடிக்க ஆள் வருமா? நீயே சொல்லு."

டீச்சர் நறுக்கிய வெங்காயத்தை வாணலியில் போட்டார்.

மறுநாள் பள்ளி வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். தையல் வேலை செய்பவர். கையில் சுருட்டிய தாள் இருந்தது.

"பொண்ணு தெருவை வரைஞ்சிருக்கா டீச்சர். சுவத்துல மாட்டிடாதீங்க. இல்ல... மாட்டுங்க. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடுமோன்னு பயமா இருக்கு. வகுப்புல சிரிச்சாங்கன்னு அவ அழுததைப் பாத்தா மனசும் கேக்கலை."

நகர வரைபடத்தை வரைந்தவர் தன் வீட்டுக்காரர்தான் என்பதை டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா கோபப்படுவார் என்று நினைத்தார்.

"அவர் எங்க தெருவைப் பாத்திருக்காரா?"

"இல்லை."

"அப்ப ஒருநாள் வந்து பாக்கட்டுமே. பாக்கறதுக்கு என்ன?"

ஞாயிற்றுக்கிழமை டீச்சரோடு கணவர் அந்தத் தெருவுக்கு வந்தார். அளவு நாடாவை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். தையல்கார அம்மா வாசலில் நாற்காலி போட்டார். அந்தப் பெண் நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பச்சை பூசச் சொன்னது யாரு அங்கிள்?"

அவர் மேலதிகாரியின் பதவியைச் சொன்னார்.

"அவருக்கு யாரு சொன்னாங்க?"

"அதை நான் கேட்டதே இல்லையேம்மா" என்றார் கணவர்.

திங்கட்கிழமை டீச்சர் வகுப்பில் நடந்ததை அப்படியே சொன்னார். வரைபடத்தில் தெருவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வகுப்பு இரண்டுபட்டது. ஊமைக்கோட்டான் இரண்டு பக்கத்துக்கும் கை தூக்கினாள்.

"டீச்சர், சரியான பதில் எது?" என்று முதல் வரிசை கேட்டது.

"தெரியலை" என்றார் டீச்சர். சொன்ன பிறகுதான் கவனித்தார், குறிப்பேட்டில் பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.