பாதியில் நின்ற முள்

காரின் பின்சீட்டைக் கழற்றி முற்றத்துச் சுவரில் சாய்த்தபோதுதான் வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தது. வெயில் தாழ்ந்ததும் எடுப்பதாகப் பேச்சு. இருக்கிற ஒரே மகன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"பாவம், பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிட்டான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரியப்பா முணுமுணுக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவன், சொந்தக் கார்ல பெட்ரோல் இருக்கான்னு பார்க்கலையாம். இப்ப என்னத்தக் குடையுறான்?"

காலையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியைப் பறிகொடுத்தவர். யார் மேலாவது கோபப்பட்டால்தான் அவரால் காலூன்றி நிற்க முடியும் போலிருந்தது.

அவனிடம் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்ரோல் காட்டும் முள் பாதியில் இருந்தது. நேற்று சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சரிந்ததும், தூக்கிவந்து முன்சீட்டில் உட்காரவைத்து சாவியைத் திருப்பினான். கண் தானாக அங்கேதான் போயிற்று. பாதி டேங்க். ஆஸ்பத்திரிக்குப் போய் வரத் தாராளமாகப் போதும். ஆனால் மேம்பாலத்து ஏற்றத்தில் கார் முக்கி முனகி நின்றுவிட்டது. பின்னால் வந்த வேனை மறித்து அப்பாவை மாற்றி ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பெரியப்பா எல்லோர் எதிரிலும் சாவியைப் போட்டுத் திருப்பினார். முள் அடியில் கிடந்தது.

"இதோ, காலின்னு காட்டுதே! கண்ணை எங்க வச்சிருந்தான்?"

அந்த நேரத்திலிருந்து அவனுக்கே தன் மேல் நம்பிக்கை போய்விட்டது. நிஜமாகவே பார்த்தேனா, இல்லை பார்த்ததாக மனசு கட்டிச் சொல்கிறதா?

அக்கா வெளியே வந்தாள். வேற்றூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், இன்னும் புடவைகூட மாற்றவில்லை.

"எங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட பேசிட்டேன்டா. பெரிய ரத்தக்குழாயே கிழிஞ்சிருக்கும்ங்கிறார். ஆபரேஷன் மேஜை மேலயே நடந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதாம். தினம் தினம் வார்டுல பார்க்கிறவ, நானும் சொல்றேன்."

"சரிக்கா."

"சரின்னா இதை விட்டுட்டு உள்ள வா."

"அது வேறக்கா. நான் பார்த்தேனா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணணும், சொல்லு."

"சாவியைப் போடு. முள்ளு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இரு."

பின்சீட்டுக்கு அடியில் டேங்கின் மேல்மூடி இருந்தது. அதிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கி, காரின் தகரத்தில் தொட்டுப் பிடித்தான்.

"ஏறுது. ஏறுது... ஃபுல்லுக்கு வந்துடுச்சு."

எடுத்தான்.

"விழுந்துடுச்சு."

அப்படியானால் முள்ளிலும் கோளாறில்லை, ஒயரிலும் இல்லை. லிஃப்டிலும் அவன் இப்படித்தான் செய்வான். நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தால் கெட்டது தனியாக மாட்டிக்கொள்ளும்.

சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு, கதவுகள் நான்கையும் திறந்து வைத்தான். டேங்கின் மூடியைக் கழற்றி, அளவு காட்டும் மிதவையை அதன் கம்பியோடு வெளியே எடுத்தான். திறந்த வாயை ஈரத்துணியால் அடைத்தான். மிதவையைக் காருக்கு வெளியே தள்ளிப் பிடித்து, ஒயரை மறுபடி மாட்டினான்.

"இப்ப போடு."

மிதவையை விரலால் மேலே தூக்கினான்.

"ஃபுல்."

பெட்ரோல் குறைவதுபோல மெல்ல மெல்ல இறக்கினான்.

"முக்கால்... பாதி... பாதி..."

விரலை எடுத்தான். மிதவை விழவில்லை. தாங்க ஒன்றுமில்லாமல், அந்தரத்தில், பாதியிலேயே நின்றது.

"என்னடா, பாதியிலயே இருக்கு" என்றாள் அக்கா.

லேசாக ஒரு உலுக்கு உலுக்கினான். தொப்பென்று விழுந்தது.

"காலி."

மறுபடி தூக்கினான், இறக்கினான். மறுபடியும் அதே இடம். கம்பி திரும்புகிற இடத்தில் துரு ஏறியிருந்தது.

"இழுத்துட்டு வந்தப்ப குலுங்கினதுல விழுந்திருக்குக்கா. நேத்து பாதியிலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"பார்த்திருக்கடா" என்றாள் அக்கா.

தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்ற அம்மா கிட்டே வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அதுவா? அது பாதிக்குக் கீழ இறங்காதே. உங்கப்பா கார்ல ஏறினதும் கதவை அந்த அறை அறைவாரே, எதுக்குன்னு நெனச்சே? அப்பதான் அது ஒழுங்கா காட்டும். ரிப்பேர் பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது."

அப்பா காரை ஓட்டுவதை விட்டு வெகுநாளாகியும், ஏறும்போது அந்த அறை மட்டும் நின்றதில்லை. நேற்று, அவருக்கு அதிரக் கூடாதே என்று, அவன்தான் கதவை மெத்தென்று சாத்தியிருந்தான்.

"அக்கா, மேம்பாலத்துல வண்டி நின்னப்ப அப்பா என்னைப் பார்த்துச் சிரிச்சார். 'அடடா, உன்கிட்ட சொல்லவே இல்லையேடா'ன்னார். அதுக்கப்புறம் பேசல. என்னவோ பெரிய விஷயம், கேட்காம விட்டுட்டோமேன்னு நான் ராத்திரி பூரா தவிச்சுக்கிட்டு..."

முதலில் சிரித்தது அக்காதான். வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தாள். அம்மா அடக்கப் பார்த்து முடியாமல், செம்புத் தண்ணீர் தளும்பக் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கடைசிப் பேச்சும் அவருக்கு இந்த டப்பாக் காரைப் பத்தித்தான் போல!" அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நேற்றிலிருந்து அடைத்துக்கிடந்த மூச்சு இப்போதுதான் அடிவயிறு வரை போய் வந்தது.

திரும்பினால், பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவன் கையிலிருந்த மிதவையை வாங்கினார். தூக்கினார், மெதுவாக இறக்கினார், விட்டார். நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சீட்டை மாட்டணுமா?" என்றார்.

"ஆமா பெரியப்பா."

"அந்தப் பக்கம் பிடி."

இருவரும் தூக்கி வைத்தார்கள். கொக்கி சரியாக மாட்டவில்லை. பெரியப்பா முட்டி போட்டு, உள்ளே கையைவிட்டு, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாட்டி முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அவன் குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். மோந்து பார்த்தான். பெட்ரோல் வாசனை போகவில்லை. இன்னொரு தடவை சோப்பை எடுத்தவன், அப்படியே வைத்துவிட்டு அப்பாவிடம் போனான்.