கடைசி வரிக்கு மட்டும் மைக் திரும்பும்

1

இந்தக் கதை என் மச்சினனின் தொல்லையால் பிறந்தது. ஹெவி மெட்டல் கச்சேரிக்குத் துணைக்கு வா என்று நச்சரித்து என்னை இழுத்துக்கொண்டு போனான். எனக்கு அந்த இசையில் ஆனா ஆவன்னா தெரியாது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். வாசலில் பத்துப் பேர் 'கடவுளைப் பழிக்காதே' என்று அட்டை பிடித்திருந்தார்கள். உள்ளே ஆயிரம் பேர் பழிப்பதற்குக் காத்திருந்தார்கள்.

கடைசிப் பாட்டின் கடைசி வரி வந்ததும் பாடகர் சட்டென்று நிறுத்தி, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். 'கூப்பிட்டேன், நீ இல்லை!' என்று அரங்கமே அலறியது. காலையில் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத என் மச்சினனும் அலறினான்.

"ஏன்டா, நீ பெரிய பக்திமான் ஆச்சே?"

"அது வேற, இது வேற மாமா."

"சரி, அந்த வரியை அவர் ஏன் பாடல?"

"எங்களுக்காக விட்டுக்கொடுக்கறாரு. பல வருஷமா அப்படித்தான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த முகத்தில் விட்டுக்கொடுத்தவரின் களை இல்லை. தப்பித்தவரின் களை இருந்தது. (இதற்கு மேல் வருவதெல்லாம் என் கற்பனை.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மேடை இருண்டது. அசுரக் குரலொன்று' — வேண்டாம், அடித்துவிட்டேன். பட்டப்பகலில் ஆரம்பிக்கலாம்.

பாடகருக்குப் பிழைப்பு பொய்ப்பல் செய்வது. மூன்றாம் மாடியில் சின்னப் பட்டறை. மேடையில் கிழிகிற அந்தத் தொண்டை, பகலெல்லாம் சத்தமே காட்டாது. குனிந்த தலை நிமிராமல் மெழுகில் பல் வரிசையை அடுக்கிக்கொண்டிருப்பார். அந்தப் பாட்டை அவர் எழுதியது அம்மா இறந்த வாரத்தில். வீடே கைகூப்பி வேண்டியும் அம்மா போய்விட்டாள்.

(இல்லாத ஒருவரை யாராவது 'நீ' என்று திட்டுவார்களா? அது கடவுள் மறுப்பில்லை, கடவுளோடு சண்டை. ரசிகர்கள் அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டார்கள். அட்டை பிடித்தவர்களும் அப்படித்தான்.)

பிறகு அவர் மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவளைக் காப்பாத்து. அந்த வரியை இனிமே என் வாயால பாட மாட்டேன்" என்றார். மகள் பிழைத்தாள். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வரியை எடுத்துவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். மைக்கைத் திருப்பினால் கைதட்டுவார்கள். தன் வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஊர் வாயை வாடகைக்கு எடுத்தார். அது அவரை உறுத்தாமல் இல்லை.

3

அவரிடம் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும். முதலில் ஒரு பத்திரிகையாளரை எழுதினேன். வளவளவென்று பேசினார், அனுப்பிவிட்டேன். அவருக்குப் பதிலாக, பட்டறை இருக்கிற கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க ஒரு பெண் மெக்கானிக் வந்தாள். எல்லாக் கச்சேரியிலும் முதலில் வந்து முன்னால் நிற்பதால் இசைக்குழுவில் அவளுக்குப் பெயரே 'முன்வரிசை'. மைக் திரும்பும்போது நேராக அவள் வாய்க்குத்தான் போகும்.

கிரீஸ் கையோடு பட்டறை வாசலில் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். போன மாசம் அப்பா போயிட்டாரு."

"ஐயோ. என்னம்மா ஆச்சு?"

"நுரையீரல். கடைசி நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எனக்காக ஒரே ஒரு வரி வேண்டிக்கோம்மா, காதால கேட்டுட்டுப் போறேன்'னாரு. நம்பாததை வாயால சொல்ல மாட்டேன்னுட்டேன். உங்க பாட்டு குடுத்த தைரியம்தான்."

பாடகரின் விரலுக்குள் மெழுகு நசுங்கியது.

"அப்பா கையை விட்டுட்டாரு. அதுதான் அண்ணா மனசை அறுக்குது. நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

4

முடிவு ஒன்று: "மாட்டேம்மா. நீ செஞ்சதுதான் சரி." அவள் நிம்மதியாகத் திரும்பிப் போகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூசியது.

முடிவு இரண்டு: அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது, அவர் ஓடிப்போய் — [மலிவு. நீக்கு.]

முடிவு மூன்று: இங்கேயே நிறுத்திவிட்டு, 'வாசகரே, அவர் என்ன சொல்லியிருப்பார்?' என்று உங்களைக் கேட்பது. இப்படித்தான் முடிப்பதாக இருந்தேன். பேனாவை மூடும்போது உறைத்தது. நானும் மைக்கைத் திருப்புகிறேன்.

5

அதனால் அவரைப் பேசவைத்தேன். மகளின் காய்ச்சல், வராந்தா, சுவர், ஒன்றையும் மறைக்கவில்லை.

"சொல்லியிருப்பேம்மா," என்றார் கடைசியில். "கெஞ்சினவன் நான்."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா உங்களுக்குப் பதிலா நான்தான் கத்திக்கிட்டிருந்தேனா?"

"ஆமா."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

சொல்லியிருக்கலாம். அவருக்குத் தலை நிமிரவில்லை. அவள் லிஃப்டைச் சரிசெய்தாள். ஆனால் அதில் ஏறாமல் படியிறங்கிப் போனாள்.

6

அடுத்த கச்சேரி. வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்துவிட்டாள், அதே இடத்தில் நிற்கிறாள். கடைசி வரி வருகிறது. பாடகர் வாயை மூடுகிறார். பழக்கத்தில் நீண்ட கை அவளைக் கண்டதும் பாதியில் நின்றுவிடுகிறது. மைக் அவள் முகத்துக்கு நேராக இருக்கிறது. பின்னால் ஆயிரம் பேர் அலறுகிறார்கள், என் மச்சினனும்தான்.

அவள் உதடு அசைகிறது.

பாட்டின் வரியா, அப்பா கேட்ட வரியா? நான் மழுப்பவில்லை. காதில் பஞ்சோடு கடைசி வரிசையில் நிற்கிற எனக்கு நிஜமாகவே கேட்கவில்லை. நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.