எதிர்வரிசைக்குப் போன வீடு

“யாருக்குப்பா ஓட்டுப் போட்ட?” என்று கெய்லி அக்ராய்ட் தன் அப்பாவைக் கேட்டது, அவர்கள் வீடு தெருவைக் கடந்து எதிர்வரிசையில் போய் நின்ற மறுநாள் காலை. அந்த வீட்டில் மூலவியாதியைப் பற்றிக் கேட்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் அம்மா யாரோடு சுற்றினாள் என்றுகூடக் கேட்கலாம். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அம்மா அவளை வளர்த்திருந்தாள். கிளைவ் அக்ராய்ட் டோஸ்டில் வெண்ணெய் தடவினார். பின்கட்டில் அடிக்க வேண்டிய காலை வெயில் முன்னறையில் அடித்துக்கொண்டிருந்தது.

ஹாக்கர்ஸ்லி ஊரின் க்ளாக் லேனில் இடது வரிசை சிவப்புக் கட்சிக்கு, வலது வரிசை நீலக் கட்சிக்கு என்பது கம்பள ஆலை ஓடிய காலத்து ஏற்பாடு. ஆலையை மூடிய பிறகும் பல தேர்தல்கள்வரை ஒரு செங்கல்கூட அசையவில்லை. அப்புறம் ஒரு டிசம்பர் வியாழக்கிழமை, வாக்குச்சாவடியைப் பூட்டிய கையோடு, திருமதி த்வெய்ட்டின் வீடு இடது வரிசையிலிருந்து கழன்று, புகைபோக்கி புகைய, திரைச்சீலை கலையாமல் தெருவைக் கடந்தது. சாக்கடைக் கோளாறு என்றது நகராட்சி. அடுத்தடுத்த தேர்தல்களில் இடது வரிசை பல் விழுந்த வாய் போலானது. மஞ்சள் கட்சிக்குப் போட்டவர்களின் வீடுகள் நடுத்தெருவிலேயே நின்றுவிட, பேருந்து வளைந்து போகப் பழகிக்கொண்டது. ஓட்டே போடாதவர்களின் வீடுகள் தேர்தலுக்குத் தேர்தல் கொஞ்சம் புதைந்தன. கோடிவீட்டுக்காரர் இப்போது மாடி ஜன்னல் வழியாகத்தான் பால் வாங்குகிறார். லண்டனிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் புது பூட்ஸோடு வந்து, இந்த ஜனங்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று மழையில் நின்று வருத்தப்பட்டு, மீன் வறுவல் தின்றுவிட்டுப் போனார்கள்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியான கெய்லி, ஜனங்கள் ஏன் கட்சி மாறுகிறார்கள் என்றே ஆய்வு எழுதியவள். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு, வாடகை, வெளியாட்கள்மேல் பயம், எல்லாம் அதில் இருந்தது. அடுத்த நகராட்சித் தேர்தலுக்குச் சிவப்புக் கட்சியின் வேட்பாளர் அவள்தான். வேட்பாளரின் வீடே எதிர்வரிசையில் நிற்கிறதே என்று கட்சி அமைப்பாளர் ஃபிலிப்பா விடிந்ததும் போனில் கத்தியிருந்தாள்: வீடு திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேட்பாளர்.

“காலமெல்லாம் செவப்புக்குப் போட்ட மனுஷன்! என் மானமே போச்சு. ஏம்பா இப்படிப் பண்ண?”

“யாரும் கேக்கல, கண்ணு.”

“என்னத்தக் கேக்கல?”

“என் ஓட்டை.”

கட்சியின் பழக்கம் அது. உறுதியான வீட்டுக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது. சந்தேகமான வீடுகளை மட்டும் தட்ட வேண்டும். அக்ராய்ட் வீடு அவ்வளவு உறுதி, அதன் கதவைக் கட்சிக்காரன் தட்டி ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

“மாருல கட்சி ரிப்பன் குத்திக்கிட்டு நீயே எத்தன வாட்டி இந்தத் தெருவுல வந்த? த்வெய்ட் அம்மா வீட்டைத் தட்டுன. நம்ம வீட்டைத் தாண்டிப் போயிட்ட.”

“எங்கிட்டதான் சாவி இருக்கே!”

“அதான். சாவி வெச்சிருக்கறவங்க எங்க கேக்கறீங்க? நீலக்காரன் வீட்டுக்கு வந்து கேட்டான்.”

“நீலக்காரன் புளுகன்பா!”

“புளுகத்தான் செஞ்சான். என் பிஸ்கட்டையெல்லாம் காலி பண்ணிட்டு வாய் கூசாமப் புளுகினான். ஆனா எம் மூஞ்சியப் பாத்துப் புளுகினான்.”

கெய்லிக்கு வந்த கோபத்தில் டோஸ்டுத் தட்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்திருப்பாள். யார்மேல் கோபம் என்பதுதான் பிடிபடவில்லை. ஊரெல்லாம் கேட்டு ஆய்வு எழுதியவள், தன் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆலைத் தொழிலாளர் கிளப்பின் பின்னறையில் இருந்த கட்சி அலுவலகத்தில் ஃபிலிப்பா தேநீரோடு காத்திருந்தாள்.

“என்ன சொன்னாரு? எப்ப வருது வீடு?”

“வராது. இடது வரிசையில மிச்சம் இருக்கற கதவையெல்லாம் தட்டப் போறேன்.”

“அதெல்லாம் நம்ம வீடும்மா! நம்ம வீட்டைப் போய் எவளாவது தட்டுவாளா? சந்தேகத்த நாமளே கெளப்பின மாதிரி ஆயிடும்.”

“தட்டினா அவங்க நம்மளத் திருப்பி ஏதாவது கேட்டுட்டா என்ன பண்றது, அதானே?”

“ரிப்பனக் குத்திக்கிட்டு அதப் பண்ண முடியாது, கெய்லி. சொல்லிட்டேன்.”

கெய்லி ரிப்பனைக் கழற்றி, பிஸ்கட் தட்டில் பிஸ்கட்டுகளுக்கு நடுவே வைத்தாள். வேட்புமனுவைச் சுயேச்சையாகப் போடுவது என்று கிளப்புக்கு வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

“பைத்தியமாடி உனக்கு? எந்த வரிசையில நிப்ப?” என்று ஃபிலிப்பா கத்தும்போது அவள் தெருவுக்கு வந்துவிட்டாள். தேர்தல் எதுவும் இல்லாத அந்தப் பகலில், இடது வரிசையில் ஒரு வீடு எரிவாயுக் குழாயை உதறிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று ஒதுங்கி நின்று வழிவிட்டுவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட நடந்தாள்.