கேட்டால் கொடுக்கலாம்

என் வீட்டுக்காரர் கர்ணனுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் செய்தார்கள். இதயம் தப்பித்துக்கொண்டது, கிட்னிதான் காலை வாரிவிட்டது. அடைப்பை எடுக்கத் தேனிக்கு வந்தவரை டயாலிசிஸ் மெஷினில் மாட்டிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

போதாக்குறைக்குப் புத்தியும் தடுமாறிவிட்டது. ஐ.சி.யு.வுக்குள் நான் போனபோது, கையில் மருந்து ஏறுகிற குழாய்களை மேலே தூக்கி எதிலோ கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னமனூர்ப் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. பந்தல் கம்பியில் கொடி கட்டுகிறாராம். மானிட்டர் பீப் பீப் என்றதும், "ஏலே, லோடு வண்டி ரிவர்ஸ் வருது. பெட்டியத் தள்ளி வைங்கடா!" என்று அதட்டினார். ஒரு நர்சுப் பெண் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் அனுசுயா பக்கத்தில் வந்து நின்றார்.

"பைத்தியம்னு நெனைக்காதீகம்மா. பெரிய ஆபரேஷன் ஆனவுகள்ல கொஞ்சப் பேருக்கு இப்பிடி ஆகும். கிட்னி நின்னு கழிவெல்லாம் ஒடம்புலயே தங்குறதால இவருக்குக் கூடுதலா இருக்கு. கிட்னி முழிச்சுக்கிட்டா இதுவும் தெளியலாம்."

"நான் என்ன செய்யணும்?"

"கண்ணாடிய மாட்டிவிட்டு, நீங்க யாரு, இது எந்த எடம்னு திரும்பத் திரும்பச் சொல்லுங்க. தண்ணி மட்டும் கேட்டாலும் குடுத்துறாதீக. மூத்திரம் போகல, குடிக்கிறது நுரையீரல்ல போய் நின்னுக்கிரும்."

நான் பால் சங்கத்துச் செயலாளர். ஒன்றையே பத்துத் தரம் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உள்ளே விடுகிற போதெல்லாம் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடுவேன்.

"இங்கன பாருங்க. நான் சொர்ணலதா, ஒங்க பொண்டாட்டி. இது தேனி ஆஸ்பத்திரி. தண்ணி குடிக்கக் கூடாது."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவார். ஆட்டி முடிப்பதற்குள், "நர்சம்மா, ஒரு வாய் தண்ணி" என்பார். உதடு வெடித்துக் கிடந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டால் பஞ்சைக் கவ்விக்கொண்டு உறிஞ்சினார். வாய்க்குள் விரலைவிட்டுப் பிடுங்கினேன்.

"ஒரு மனுசனுக்குத் தண்ணி குடுக்க மாட்டீகளா? எந்த ஊரும்மா நீங்க?"

"சின்னமனூரு."

"எங்க ஊருல இப்பிடி ஆளுக கெடையாதே."

சாதாரண நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் முகம் கொடுத்திருக்க மாட்டேன். அன்றைக்குக் கத்தித்தான் விட்டேன். "குடிச்சா செத்துப்போவீக! சொர்ணலதா சொல்றேன், குடிக்கக் கூடாது!" நர்சு வந்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். அவர் பயந்துபோய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

உள்ளே போனால் முதலில் கட்டிலுக்கு அடியில் தொங்குகிற மூத்திரப் பையைத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் அவர் முகத்தை. வீரபாண்டி மாரியம்மனிடம் மூத்திரம் கேட்டு வேண்டிக்கொண்டேன். வேறு எதைக் கேட்பது? பையில் அடி நனைகிற அளவுக்குமேல் எதுவும் சேரவில்லை.

டயாலிசிஸ் போடும்போதெல்லாம் பிரஷர் இறங்கியது. ஒரு தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவரை ஐ.சி.யு.விலிருந்து தனி ரூமுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயம்புத்தூரிலிருக்கும் மகள் ஜோதிலட்சுமிக்குப் போன் போட்டு, "அப்பாவ ரூமுக்கு மாத்திட்டாகடி, இனிமே பயமில்ல" என்றுகூடச் சொல்லிவிட்டேன். என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல.

சாயங்காலம் டாக்டர் அனுசுயா வந்தார். எப்போதும் நின்றபடியே பேசுகிறவர், நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"இனி மெஷின் போட்டா இருதயம் தாங்காதும்மா. மகள வரச் சொல்லிருங்க."

வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், "தண்ணி?" என்றேன்.

"கேட்டா குடுக்கலாம்மா."

இத்தனை நாள் அவர் கெஞ்சக் கெஞ்ச நான் இல்லையென்றதெல்லாம் அவரைப் பிழைக்கவைக்கத்தான். இப்போது கொடுக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் போனதும் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒரு ஸ்பூன் எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன்.

"தண்ணிங்க. குடிங்க."

கண்ணைத் திறந்து ஸ்பூனைப் பார்த்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"வேணாம் நர்சம்மா."

"நான் நர்சு இல்லங்க. நான்தான் சொர்ணலதா. டாக்டரே சொல்லிட்டாக, குடிக்கலாம். ஒரு வாய் குடிங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊர் பேர் தெரியாத பொம்பளையின் மனதை நோகடிக்கக் கூடாதே என்கிற மரியாதையோடு, மெதுவாகச் சொன்னார்.

"நல்ல மனசுலதான் குடுக்கிறீக. ஆனா சொர்ணலதா குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. அவ வரட்டும், கேட்டுக்கிட்டுக் குடிக்கிறேன்."

நான் ஸ்பூனும் கையுமாக நின்றேன். அவர் எனக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.