சுமைதாங்கியடியா, எஸ்.ரி. சிற்றியா?

"டம்!"

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த உதயகலாவின் கையிலிருந்து தட்டகப்பை நழுவி விழுந்தது. சத்தத்தைத் தொடர்ந்து சந்திப் பக்கமிருந்து இயந்திரத்தின் உறுமல். இடிக்கிற பெக்கோ இயந்திரம் வந்துவிட்டது! ஒன்பது மணிக்கு என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படலையைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பண்டத்தரிப்பிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருக்கும் அந்தச் சின்ன ஊருக்குப் பெயர் சுமைதாங்கியடி. சந்தியில் நிற்கும் சுமைதாங்கியால் வந்த பெயர். மார்பளவு உயரத்தில் இரண்டு கற்றூண்கள், குறுக்கே ஒரு கல். அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கைக்குக் காத்திராமல் சுமையை அதன்மேல் இறக்கலாம். இளைப்பாறியபின் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். தைப்பொங்கல் வந்தால் யாராவது அதற்கு வெள்ளையடிப்பார்கள். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. உதயகலாவும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டாள்.

அண்ணன் செல்வரட்ணம் இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு சுவிஸிலிருந்து வந்திருந்தார். வந்த மூன்றாம் நாளே ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று துடித்தார். நல்ல மனம்தான். ஆனால் அவர் செய்ய நினைத்தது இதுதான்: சந்தியில் ஆளுயர எழுத்துகளில் இரவெல்லாம் ஒளிரும் ஒரு பலகை. ‘ஐ லவ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும், நடுவில் ஒரு சிவப்பு இதயம், பக்கத்தில் ‘எஸ்.ரி. சிற்றி’. சுமைதாங்கியடி என்ற பெயர் நீளமாம், வெளிநாட்டுப் பிள்ளைகளின் வாயில் நுழையாதாம். கீழே பிளாஸ்டிக் புல் விரிப்பார்கள். பின்னால் பனிமலைப் படம் அச்சடித்த பெரிய பதாகை. அதற்கு முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுக்கலாம்.

இத்தனைக்கும் இடம் வேண்டும். இடத்தில் சுமைதாங்கி நின்றது.

மாதர் சங்கச் செயலாளர் என்ற முறையில் உதயகலாதான் சம்மதக் கடிதம் கொடுத்தாள். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினாள். ‘மேற்படி சுமைதாங்கி தற்போது பாவனையில் இல்லை.’ அதாவது, அதை யாரும் பயன்படுத்துவதில்லையாம். தகப்பன் இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்து, கல்யாணமும் கட்டிக்கொடுத்தவர் அண்ணன். அவர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

சந்தியில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். பெக்கோவின் வாளி இடித்ததில் ஒரு தூணிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்பு பாளம் பாளமாகக் கழன்று கிடந்தது. ஆனால் வாளி இப்போது அந்தரத்தில் அசையாமல் நின்றது. காரணம், சுமைதாங்கியின் மேல் ஒரு கடகம் நிறையக் கத்தரிக்காய். பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி குணலட்சுமி. தன் தோட்டத்துக் காய்களைச் சந்தைக்கு அனுப்ப அவள் தினமும் அங்கேதான் லொறிக்குக் காத்து நிற்பாள். முதல் இடி விழுந்த கையோடு கடகத்தைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துவிட்டாள்.

"கடகத்தை எடு பிள்ளை, வேலை மினக்கெடுது" என்றார் செல்வரட்ணம்.

"லொறி வரட்டும் அண்ணை. ஒவ்வொரு நாளும் இதிலைதான் வைக்கிறனான். இண்டைக்கு வேறை எங்கை வைக்க? உங்கடை பிளாஸ்ரிக் புல்லுக்கு மேலையோ?"

கூடிநின்றவர்கள் சிரித்தார்கள். குணலட்சுமி சிரிக்கவில்லை.

"கீழை வைச்சால் தூக்கிவிட ஆள் வேணும். என்ரை மனுசன் செத்து ஆறு வருசம். எனக்குத் தூக்கிவிடுற கை உந்தக் கல்லுத்தான்."

உதயகலாவுக்குச் சுருக்கென்றது. ‘பாவனையில் இல்லை.’ அவளுடைய கையெழுத்து. அவளுடைய பொய்.

"உனக்கென்ன விசரோ?" செல்வரட்ணத்தின் குரல் உயர்ந்தது. "ஒரு மேசை வாங்கித் தாறன், அதிலை வை. உலகம் எங்கையோ போகுது. இஞ்சை என்ன கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்! ஒரு மலை கிடக்கோ? ஒரு ஆறு கிடக்கோ? இஞ்சை என்ன கிடக்கு?"

வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விதான் அது. ஊரில் இருக்கிறவர்கள் ஏதோ தங்கள் குற்றம்போல வெட்கத்தோடு சிரித்துவைப்பார்கள். பதில் சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை.

பெக்கோ இயந்திரத்தின் உறுமல் சட்டென்று நின்றது. அதை ஓட்டிவந்த சப்ரான் கீழே குதித்துத் தூணருகே குனிந்தான்.

"அக்கா, உதிலை எழுத்துக் கிடக்கு!"

சுண்ணாம்பு கழன்ற இடத்தில், கல்லில் வெட்டிய எழுத்துகள். உதயகலா விரலால் தடவித் தடவி வாசித்தாள். ‘கர்ப்பவதியாய்ச் சிவபதமடைந்த வள்ளிப்பிள்ளை ஞாபகமாக.’ வருடம் தேய்ந்துபோயிருந்தது.

"பிள்ளைத்தாச்சியாப் போனவவோ?" குணலட்சுமியின் குரல் இறங்கியது. "இறக்காத சுமையோடை போனவவுக்காக, வாறவன் போறவன்ரை சுமையை இறக்கக் கட்டுறது எங்கடை வழக்கமெல்லோ. இவ்வளவு நாளும் ஆருக்கெண்டு தெரியாமலே கடகத்தை வைச்சிருக்கிறன்."

சப்ரான் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினான். "ஐயா, தொண்ணூறிலை எங்கடை முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தாலை வெளியேத்தினாப் பிறகு, எங்கடை வாப்பா இருபது வருசம் கழிச்சுத் திரும்பி வந்தவர். தெருவே அடையாளம் தெரியேல்லை. வீடும் இல்லை. கிணத்தடியிலை உடுப்புத் தோய்க்கிற கல்லு மட்டும் கிடந்தது. அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான், இதுதான் எங்கடை வளவு எண்டவர். நான் உதை இடிக்கமாட்டன். வேறை ஆளைப் பாருங்கோ."

"கதை போதும்!" செல்வரட்ணம் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை உருவினார். "சங்கமே எழுதித் தந்திருக்கு, பாவனையிலை இல்லையெண்டு. கலா, நீயே சொல்லு இவைக்கு."

எல்லாக் கண்களும் உதயகலாவின் பக்கம் திரும்பின. அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியாமல் கல்லுக்கு அப்பால் பார்த்தாள். இறைத்து முடித்த வெங்காயப் பாத்திகளில் செம்மண் ஈரம் மினுங்கியது. அதற்கப்பால் பனங்கூடல், ஓலைகளுக்கிடையால் காலை வெயில் கத்தி கத்தியாக இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் கடந்துபோகிற இடம். இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது. நாளைக்கு இதையெல்லாம் மறைத்துக்கொண்டு, யாருடையதோ ஒரு பனிமலை நிற்கும்.

கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். நாலாகக் கிழித்தாள்.

"உது பொய்க் கடிதம், அண்ணை. நான் எழுதினது. நானே கிழிக்கிறன்."

"எனக்கு முன்னாலை நிண்டு கதைக்கிறியோ?" செல்வரட்ணத்தின் முகம் சிவந்தது. "உன்னைப் படிப்பிச்சது ஆர்?"

"நீங்கள்தான். படிப்பிச்சபடியால்தான் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிஞ்சுது."

அவள் போய்ச் சுமைதாங்கியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். குணலட்சுமி அவள் தோளோடு தோள் ஒட்டினாள். மாதர் சங்கப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"இஞ்சை என்ன கிடக்கு எண்டு கேட்டியள். செம்மண் கிடக்கு. பனங்கூடல் கிடக்கு. முன்னப் பின்னத் தெரியாதவன்ரை சுமைக்கும் இடம் குடுத்த கல்லுக் கிடக்கு. எங்கடை பெருமையை நாங்களே குப்பையெண்டு தூக்கி எறிஞ்சால், பேந்து ஆர் வந்து அதைப் பொறுக்கித் தருவினம்? ஊரிலை அன்பெண்டு பலகை வைக்கிறதுக்கு முதல், ஊரிலை கிடக்கிறதை இடிக்காமல் இருக்கப் பழகவேணும். பனிமலை வேணுமெண்டால் சுவிஸிலை பாருங்கோ. எங்கடை பனங்கூடலை மறைக்க விடமாட்டன். எனக்கு மேலாலை ஏறித்தான் இந்த மிசின் போகவேணும்!"

செல்வரட்ணம் பதில் சொல்ல வாயெடுத்தபோது அவருடைய கைப்பேசி அலறியது. பலகையை ஏற்றிக்கொண்டு வந்த லொறிக்காரன். எஸ்.ரி. சிற்றி எங்கே என்று ஊர் ஊராகக் கேட்டும் ஒருவருக்கும் தெரியவில்லையாம். மானிப்பாயைச் சுற்றிச் சுற்றி வருகிறானாம். "எந்த இடத்திலை ஐயா நிப்பாட்டுறது?" என்று அவன் கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்வரட்ணம் திரும்பிப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற கல்லைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு வந்திறங்கிய அன்று, விடிந்தும் விடியாத வேளையில், வாடகை வான் சாரதிக்கு அவர் சொன்ன அடையாளமும் அதுதான். அது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பண்டத்தரிப்பாலை நேரை வா, தம்பி. சந்தியிலை வெள்ளைச் சுமைதாங்கி ஒண்டு நிக்கும்... ஓம், ஓம், இனியும் அதிலைதான் நிக்கும்."