உள்ளூர் ஆட்களுக்கு அறை இல்லை

வெள்ளை விரிப்பின் மேல் துவாயில் மடித்த இரண்டு அன்னங்கள் ஒன்றின் அலகை ஒன்று தொட்டபடி நிற்கின்றன, சுற்றிவரச் செவ்வரத்தம் இதழ்கள், பின்னால் சுவரில் ஒரு குளிரூட்டி, படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் அதற்குக் கீழே சுவர் ஊறிய தடமும் தெரிகிறது, ஐம்பத்தொன்பது வயதில் எனக்கெதற்கு அன்னமும் பூவும் என்று பவளராணி படத்தைத் தள்ளிவிடுகிறாள், தள்ளினால் அடுத்த விடுதியிலும் அதே அன்னங்கள், யாரோ ஒருத்தர் ஊர் ஊராகப் போய் இதையே மடித்து வைத்துவிட்டு வருகிறாரோ என்னவோ, ஒஸ்லோவில் அவள் வேலை செய்யும் பாலர் பாடசாலையின் சமையலறை இது, மத்தியான இடைவேளை அரை மணித்தியாலம், மூன்று நாளாக அந்த அரை மணித்தியாலத்தை இந்தத் தொலைபேசி தின்றுகொண்டிருக்கிறது, கொண்டுவந்த இடியப்பம் பெட்டிக்குள்ளேயே காய்கிறது, பருத்தித்துறையில் பத்து நாளுக்கு ஓர் அறை, கேட்பது அவ்வளவுதான், அது அவள் பிறந்த ஊர், அங்கே அவளுடைய பெயரில் நாலு அறையோடு ஒரு வீடு இருக்கிறது, வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

வீடு அவளுடையது, இருப்பது அக்கா, நோர்வே மாப்பிள்ளை சரிவந்ததும் அம்மா வழக்கப்படி அந்தத் தும்பளை வீட்டை இளையவளுக்குச் சீதனமாக எழுதினாள், மூத்தவள் மங்கையற்கரசிக்கு முன்பே மயிலிட்டியில் கல்வீடும் கிணறும் கொடுத்தாயிற்று, ஒருத்திக்கும் குறையில்லை, அடுத்த வருஷமே மயிலிட்டி ஆமியின் எல்லைக்குள் போய்விட்டது, புருஷனைப் பறிகொடுத்த அக்கா மகனையும் தையல் மெசினையும் கொண்டு ஒரு மாதத்துக்கு என்று தும்பளைக்கு வந்தாள், முப்பத்துச் சொச்சம் வருஷமாக அந்த ஒரு மாதம் முடியவில்லை, முடியவேண்டும் என்று யார் கேட்டார்கள், பவளம் கேட்டாளா, கேட்கவில்லை, ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அக்காவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கையில் புருஷன் சிவநேசன் பக்கத்திலிருந்து, வீட்டு உறுதிப்பத்திரத்திலை ஒரு கொப்பி எடுத்து அனுப்பச் சொல்லும், சும்மா கையிலை இருக்கட்டும் என்றார், நல்ல மனிதர், வாய்தான் நேரங்காலம் பார்க்காது, அந்தச் சும்மா அக்காவின் காதில் போய் விழுந்தது, ஒரு கிழமைக்குள் கொப்பி பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது, அன்றிலிருந்து அக்கா ஏசுவதை நிறுத்திவிட்டாள். அதற்கு முன் ஏசாத நாளில்லை, தலைமயிரைக் கட்டையாக வெட்டினதற்கு ஏச்சு, பிள்ளைகளுக்குத் தேவாரம் தெரியாததற்கு ஏச்சு, புட்டுக்கு மாவை வறுக்காமல் அவித்தாயா என்று கடல் கடந்து ஓர் ஏச்சு, பள்ளிக்கூட ரீச்சர் அல்லவா, ஏச்சில்தான் அவளுக்கு அன்பு ஓடும், இப்போது என்னவென்றால், சுகமா இருக்கிறியளோ, அங்கை குளிரோ, சரி வைக்கட்டோ, மூன்று கேள்வியில் தங்கச்சி முடிந்துவிடுகிறாள். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போய் நின்றபோது பெரிய அறையும் புதுத் தலையணையும் பவளத்துக்கு, நாலு அறை இருந்தும் குசினிக்குள் பாய் அக்காவுக்கு, ஒரு விடியற்காலை அக்கா அறைவாசலில் வந்து நிற்கிறாள், மாமரக் கொப்பு கூரையிலை முட்டுது, வெட்டலாமோ என்று கேட்கிறாள், அக்கா நீ என்னை அகப்பைக்காம்பால் அடித்து வாய்ப்பாடு சொல்லித்தந்தவள், ஒரு கொப்பு வெட்ட என்னைக் கேட்கிறாயே என்று தொண்டை வரைக்கும் வந்தது, வெட்டுங்கோ என்றுதான் வாய் சொன்னது. வீட்டை உன்ர பேருக்கு எழுதிவிடுறன் என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தாள், அம்மா உங்களுக்கெண்டு தந்தது, நான் காவல்தானே என்று அக்கா சட்டியைத் துலக்கப் போய்விட்டாள், அதற்கு மேல் என்ன பேச, அந்த வாசற்படியை மிதித்தால் பவளம் வீட்டுக்காரி, அக்கா குடியிருக்கிறவள், அதனால்தான் விடுதி, வெளியில் நின்றுகொண்டு போய்வந்தாலாவது அக்கா பழையபடி அக்காவாக ஒரு வார்த்தை ஏசமாட்டாளா, பத்து நாள் லீவும் அதற்குத்தான், வேறொன்றுக்கும் இல்லை.

ஆனால் விடுதி கிடைக்கவேண்டுமே, ஒரு சின்னப் பட்டினம், எண்ணி ஆறு விடுதி, அதில் ஒன்று கலியாண மண்டபத்துக்கு மேலே, காலை நாலரைக்கே நாதஸ்வரம் தொடங்கிவிடுமாம், இன்னொன்று சிவநேசனின் மச்சான்முறைக்காரன் நடத்துவது, அங்கே போய் நின்றால் ஏன் வீட்டிலை நிக்கேல்லை என்று குடும்பமே கூடி விசாரிக்கும், வேறொன்றின் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஐந்து நட்சத்திரம் போட்டு, சேவல் அருமை என்று எழுதியிருக்கிறான், சேவலைப் பார்க்கவா பிளேனில் போவது, எல்லாவற்றிலும் சிவப்பெழுத்தில் கடைசி ஒரே ஒரு அறை என்று வேறு நிற்கிறது, மூன்று நாளாக அதே கடைசி அறை. சிவநேசன் ஜெனரேற்றர் இருக்கோ எண்டு கேளும், சுடுதண்ணி வருமோ எண்டு கேளும் என்கிறார், கூட வரப்போவதில்லை, முதுகு நோவு, யோசனை சொல்ல மட்டும் முதுகு தேவையில்லைப் போல. கடைசியில் வெண்மணல் விடுதி என்ற ஒன்றைப் பிடித்தாள், புதுசு, நகரசபைக்குப் பின்னால், இணையப் படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பி அழுத்தினால் திரும்பத் திரும்ப முதலாம் பக்கத்துக்கே வந்து நின்றது, ஐந்தாம் தரம் பொறுமை போய் இலக்கத்துக்கே அழைத்தாள், அங்கே பின்னேரம் மூன்றரை, ஓர் இளம் குரல், வணக்கம், வெண்மணல், துவாரகன் கதைக்கிறன், அவள் அளந்து பேசினாள், மிஸிஸ் சிவநேசன், நோர்வேயிலிருந்து, ஓர் ஆள், பத்து நாள், அவ்வளவுதான், யார் எவர் என்று மூச்சு விடக்கூடாது, அக்காவுக்கு அங்கே போய் இறங்கிய பிறகு மெல்லமாகச் சொல்லிக்கொள்ளலாம். துவாரகன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பேச்சு எங்கட பக்கம் மாதிரியெல்லோ கிடக்கு, அன்ரி ஊரிலை எவடம் என்று கேட்டான், கேட்டால் சொல்லாமல் இருப்பது எப்படி, எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்ற கேள்விக்கு அவர்களுடைய ஊரில் வாய் மூளையைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை, தும்பளை, தபாற்கந்தோருக்குப் பின்னாலை, சங்கக்கடை மனேச்சர் வேலுப்பிள்ளையின்ர ரெண்டாவது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள், அடடே, மங்கை ரீச்சற்ற தங்கச்சியோ, எனக்கு மூண்டாம் வகுப்புப் படிப்பிச்சது ரீச்சர்தான் என்கிறான் அவன், அப்படியொரு சந்தோஷம், நீர் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் தம்பி என்று அவள் கெஞ்சினாள், சீ, நான் ஏன் சொல்லப்போறன் அன்ரி என்றான். தவளை தன் வாயால் கெட்டது.

அடுத்த நாள் மத்தியானம் இடியப்பப் பெட்டியைத் திறக்க முதல் தொலைபேசி அடித்தது, அக்காவின் இலக்கம், அக்கா தானாக அழைத்து எத்தனையோ காலம், அம்மாவின் திவசத்துக்குக்கூட பவளம்தான் அழைப்பாள், எடுத்தால், எடியே, உனக்கென்ன விசரோ என்று அக்காவின் குரல் சமையலறைச் சுவரில் மோதியது, பக்கத்தில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த நோர்வேக்காரி திரும்பிப் பார்க்கிறாள், சந்தையிலை மீன் வெட்டுற மனுசி என்னைக் கேக்கிறாள், ரீச்சர், தங்கச்சி ஹொட்டேலிலை நிக்கப்போறாவாமே, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ எண்டு, நான் எந்த முகத்தை வைச்சுக்கொண்டு ஊருக்குள்ளை திரியிறது, பிறந்த வீடு கல்லுப்போலை கிடக்க ஹொட்டேல் கேக்குதோ உனக்கு, உனக்கு அறிவெண்டு ஒண்டைக் கடவுள் வைச்சுப் படைச்சாரோ இல்லையோ, தலைமயிரை வெட்டேக்கையே அதையும் சேர்த்து வெட்டிப்போட்டாய், ஏச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, பன்னிரண்டு வருஷ ஏச்சு, எங்கே தேக்கி வைத்திருந்தாளோ, பவளத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று வருகிறது, அவளுக்குச் சந்தோஷம், இப்படி ஒரு சந்தோஷம் தன்னுடைய கலியாண நாளில்கூட வந்ததில்லை என்று நினைக்கிறாள், எங்கே ஏசி முடித்துவிடுவாளோ என்றுதான் பயம். என்னடி சத்தத்தைக் காணேல்லை என்றாள் அக்கா, நான் வீட்டுக்கு வந்தா நீ குசினியிலை படுப்பாய் அக்கா, அதை என்னாலை பாக்கேலாது என்று பவளம் சொல்லிவிட்டாள், அக்கா தொடர்பை வெட்டிவிட்டாளோ என்று பார்த்தால் வெட்டவில்லை, தூரத்தில் ஐஸ்பழ வண்டியின் பாட்டு கேட்கிறது, பிறகு அக்கா, குரல் எங்கேயோ இறங்கிப்போய், அந்த அறையிலை எத்தினை கட்டில் என்று கேட்டாள், ரெண்டு என்றாள் பவளம், காலமைத் தேத்தண்ணி அவையே கொண்டுவந்து தருவினமோ என்றாள், ஓம் அக்கா, கதவைத் தட்டித் தருவினம், அப்பிடியெண்டா நானும் வந்து நிக்கிறன், ஊர் என்னத்தையெண்டாலும் சொல்லட்டும், இடம்பெயர்ந்து ஓடின ஓட்டத்தைத் தவிர நான் உந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியிலை படுத்ததில்லை, பூட்டிப்போட்டுப் போனா ஆரும் பிடிச்சுப்போடுவாங்கள் எண்ட பயம், கனடாவிலை பேரப்பிள்ளை பிறந்ததுக்கும் போகேல்லை, தெரியுமோ உனக்கு. தெரியாது, பவளத்துக்கு அது தெரியாது, விசா கிடைக்கவில்லை என்றுதான் அக்காவின் மகன் சொல்லியிருந்தான்.

இடைவேளை முடிய எட்டு நிமிஷம், அவள் வெண்மணலுக்கு அழைத்தாள், துவாரகனைக் கிழித்துத் தோரணம் கட்டவேண்டும் என்று மனம் சொன்னது, வாய் அதை விட்டுவிட்டு, தம்பி, ஓர் ஆள் இல்லை, ரெண்டு பேர், என்ர அக்காவும் வந்து நிப்பா என்றது, அவன் தயங்கினான், அன்ரி, குறை நினைக்காதேங்கோ, அடையாள அட்டையிலை இந்த ஊர் விலாசம் இருந்தா அறை குடுக்கிறேல்லை, முதலாளியின்ர ஒழுங்கு, உள்ளூர்ப் பொடியளும் பெட்டையளும் வந்து, பிறகு பொலிஸ் அது இது எண்டு, விளங்கும்தானே என்றான். விளங்கவில்லை, அறுபத்தாறு வயது, கண்ணில் புரை வெட்டிய ரீச்சர், இவனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவள், இவளை என்ன பொலிஸ் பிடிக்கப்போகிறது, பவளம் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், முதலாளியைக் கூப்பிடு என்றாள், முதலாளி டுபாயில், நீங்கள் பிரச்சினை இல்லை அன்ரி, நீங்கள் நோர்வே பாஸ்போட்தானே, ரீச்சர்தான் உள்ளூர் என்று அவன் அழமாட்டாக் குறையாகச் சொல்கிறான், முப்பத்தைந்து வருஷமாக ஊரில் இல்லாதவளுக்கு அறை இருக்கிறது, வீடும் இருக்கிறது, ஊரிலேயே கிடந்து உழன்றவளுக்கு இரண்டும் இல்லை, இது என்ன கோதாரி ஒழுங்கு என்று தொலைபேசியை மேசையில் அடித்து வைத்தாள், இடியப்பப் பெட்டி துள்ளி விழுந்து திறந்துகொண்டது, நோர்வேக்காரி சிதறியதை எடுத்துக் குப்பையில் போட்டாள். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது, ஒருநாளும் ஒன்றும் கேட்காதவள் வாய்விட்டுக் கேட்டது ஒரு கட்டிலும் ஒரு தேத்தண்ணியும், அதற்கும் இல்லை என்று சொன்னால் நாளைக்கே அந்தக் குரல் பழையபடி, சுகமா இருக்கிறியளோ, அங்கை குளிரோ என்று கதவைச் சாத்திக்கொள்ளும், ஆனாலும் அழைத்தாள், சொன்னாள்.

அக்கா முழுவதையும் கேட்டாள், எடேய் துவாரகா என்றாள் முதலில், அவனுக்கு நான் அந்த வருசம் பாஸ் போட்டதே பிழை என்றாள், பிறகு சிரித்தாள், அக்காவின் சிரிப்பு இப்படி மூக்கால் வரும் என்பதையே பவளம் மறந்துபோயிருந்தாள், உள்ளூர் எண்டாத்தானே கரைச்சல், வேறை ஊரிலை போடடி, மன்னாரிலை போடு, அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது, அங்கை நானும் விருந்தாளிதானே என்றாள், பத்து நாளும் வீட்டுக்குப் போகத் தேவையில்லை, நீ கொழும்பிலை இருந்து நேரை வா, நான் பஸ்ஸிலை வந்து இறங்குறன். பவளம் கண்ணைத் துடைத்தபடி மன்னார் என்று தட்டினாள், அங்கேயும் ஒரு கடைசி அறை சிவப்பெழுத்தில் நின்றது, ஆட்கள் எத்தனை என்ற இடத்தில் இரண்டு என்று போட்டாள், அப்போதுதான் வீடு பூட்டிக் கிடக்கப்போவது அவளுக்கு உறைத்தது, கேள்வி வாய்க்கு வந்துவிட்டது, பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் தொட அஞ்சிய இடம், ஆனாலும் கேட்டாள், அப்ப பத்து நாளும் வீட்டை ஆர் அக்கா பாக்கிறது. அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, அது உன்ர வீடடி, நீயெல்லோ அதை யோசிக்கோணும், எனக்கு மேல்மாடியிலை அறை பார் என்றாள்.